ஸ்பேர் கிடைக்காத இன்ஜினும் ஓடும்!

நெய்வேலியை அடுத்து, பண்ருட்டி வட்டத்தில் இருக்கிறது முத்தாண்டிக்குப்பம். செம்மண் பூமி. முந்திரியும் பலாவும்தான் இந்தப் பக்கத்தின் அடையாளம். இங்குள்ள தோப்புகளில் மோட்டார் கொட்டகையை எட்டிப் பார்த்தால், சில இடங்களில் சாக்கு போர்த்திய ஆயில் இன்ஜின் ஒன்று மூலையில் கிடக்கும். தாத்தாவோ அப்பாவோ கடன் வாங்கிப் போட்டது. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால், “ஸ்பேர் கிடைக்கலைங்க, அதான் அப்படியே போட்டுட்டோம்” என்று பதில் வரும். பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படிக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஸ்பேர் இல்லாமல் வீணாகும் இன்ஜின்கள் கொஞ்சம்தான். அளந்து பார்க்க ஆள் இல்லாமல் வீணாகும் இன்ஜின்களே அதிகம்.

தண்ணீர் இறங்கியது, இன்ஜின் நின்றது

இந்த வட்டாரத்து ஆயில் இன்ஜின்கள் பலவும் பழுதாகி நின்றவை அல்ல. அவற்றுக்குக் கீழே இருந்த தண்ணீர்தான் இறங்கிப் போனது.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது 1956-இல். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் நீர்த்தாங்கி ஒன்று இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அது. அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்து வெள்ளம் புகுந்துவிடும். அதனால் இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்ற வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் தானாகவே பொங்கி வழிந்த ஊற்றுகள் அடங்கின. விவசாய போர்வெல்களும் பெருகின. தண்ணீர் மட்டம் கீழே கீழே போனது.

இங்கேதான் ஆயில் இன்ஜின் தோற்றது. தரையில் உட்கார்ந்திருக்கும் பம்ப், காற்றழுத்தத்தின் தயவில்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. கணக்குப்படி 10 மீட்டர் வரை வரலாம். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே திணறும். கிணற்றுக்குள் மேடை கட்டி இன்ஜினை இறக்கிப் பார்த்தார்கள். அதற்கும் கீழே தண்ணீர் போனபோது நீர்மூழ்கி மோட்டார் வந்தது. சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-இலும் இலவச மின்சாரம் கிடைத்ததும், டீசல் ஊற்றி இன்ஜின் ஓட்ட யாருக்கும் மனம் வரவில்லை. நேற்றுவரை நன்றாக ஓடிய இன்ஜினை நிறுத்தி, சாக்கைப் போர்த்தினார்கள்.

2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் விழுந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்த நாட்களில் குடிதண்ணீருக்கு ஜெனரேட்டரைத்தான் தேட வேண்டியிருந்தது. ஜெனரேட்டர் என்பது வேறொன்றும் இல்லை. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் ஆயில் இன்ஜின்தான். மூலையில் கிடந்த இரும்புக்கு என்ன மதிப்பு என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஹேண்டில் சொல்லும் சேதி

நெடுநாள் கிடந்த இன்ஜினை எழுப்புவதற்கு முதலில் வேண்டியது பொறுமை. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் சம்மட்டி எடுக்கக் கூடாது. டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றிச் சில நாட்கள் ஊற விட்டு, பிளைவீலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

சுற்றத் தொடங்கியதும், டீகம்ப்ரஷன் லீவரை மூடிவிட்டு ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். நல்ல இன்ஜின் என்றால் கையை எதிர்த்து நிற்கும். எதிர்ப்பு இல்லையென்றால் காற்று எங்கோ கசிகிறது. எங்கே என்று காது வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சைலன்ஸர் பக்கம் ‘உஸ்’ என்றால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரவில்லை. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாய் வழியாக ஊதினால் ரிங் தேய்ந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

ஓடுகிற இன்ஜினில் புகை சொல்லும். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலேயே வெளியே போகிறது. இவ்வளவையும் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் தெரிந்துகொள்ளலாம். ரிங் மட்டும் மாற்ற வேண்டிய இன்ஜினுக்கு முழு ‘செட்’ தேடி அலைந்து, கிடைக்கவில்லை என்று கைவிடுவது இந்தச் சோதனையைத் தவிர்ப்பதால்தான்.

வால்வுக் கசிவுக்குப் பெரும்பாலும் புது வால்வு தேட வேண்டியதில்லை. கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வால்வை அதன் சீட்டில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரு வளையம் விழும். பிறகு போர்ட்டுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்து, ஒரு சொட்டும் கசியவில்லையென்றால் வேலை முடிந்தது.

பிராண்ட் போனாலும் அளவு போகாது

இந்தியாவில் ஓடிய பழைய இன்ஜின்களில் பலவற்றுக்கு நல்ல குலமரபு உண்டு. இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் கொண்டுவந்த ‘சி.எஸ்.’ வகை, நிமிடத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைத்திறன் தந்தது. அங்கே 1987-இல் தயாரிப்பு நின்றது. ஆனால் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே அச்சில் இன்ஜினும் உதிரிபாகமும் செய்துவந்ததால் அந்த வம்சம் அறுபடவில்லை. கிர்லோஸ்கர் ‘ஏ.வி.1’ வகைக்கு 80 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 1500 சுற்றில் 5 குதிரைத்திறன். இப்படி அளவு தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

பெயர்ப் பலகையே இல்லாத இன்ஜின் என்றால் என்ன செய்வது? பிஸ்டனுக்கு மூன்று அளவு எடுக்க வேண்டும்: போர் விட்டம், பின் விட்டம், பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம். இந்த மூன்றும் ஒத்துப்போனால் வேறு கம்பெனி பிஸ்டனும் உட்காரும். டீசல் இன்ஜினில் பிஸ்டன் தலையில் உள்ள குழியின் வடிவத்தையும் எடையையும் ஒப்பிட வேண்டும். போரை ஓரிடத்தில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதனால் மேலே, நடுவில், கீழே என்று மூன்று மட்டத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும்.

பால் பேரிங்குக்கு இந்தக் கவலையும் இல்லை. அதன் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ.; உலகத்தில் எங்கே வாங்கினாலும் இதுதான். இன்ஜின் செய்த கம்பெனி இழுத்து மூடி அரை நூற்றாண்டு ஆகியிருந்தாலும் 6205 பண்ருட்டி கடையில் கிடைக்கும். ஆயில் சீலுக்கும் இதே கதைதான்.

ஹெட் கேஸ்கெட் கிடைக்காவிட்டால் பழையதை அச்சாக வைத்து ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம். தடிமன்தான் முக்கியம். அது கூடினால் கம்ப்ரஷன் இறங்கி இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் திணறும். குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். கைதேர்ந்த மெக்கானிக் இதற்கு ஒரு சிறு ஈயக் கம்பியை பிஸ்டன் மேல் வைத்து, ஹெட்டைப் பூட்டி, பிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார். ஹெட்டைக் கழற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளப்பார். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று அந்தத் துண்டு ஈயம் துல்லியமாகச் சொல்லிவிடும்.

லேத்துக்கும் எல்லை உண்டு

புஷ், பின், வால்வு கைடு, ஸ்டட், பம்ப் ஷாஃப்ட் எல்லாம் நல்ல லேத் பட்டறையில் கடைந்துவிடலாம். தேய்ந்த ஈய பேரிங்கை உருக்கி ஊற்றி, கடைந்து, கையால் சுரண்டிப் பொருத்துகிற கலைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் டீசல் பம்ப் எலிமென்ட்டில் கை வைக்கக் கூடாது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே இருப்பது சில மைக்ரான் இடைவெளிதான். அது ஜோடியாக இழைத்த பொருள். பம்ப் சர்வீஸ் செய்யும் இடத்துக்குத்தான் போக வேண்டும். நாசில் ஸ்ப்ரேயைச் சோதிக்கும்போது கையை எதிரே காட்டவே கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அடையாளம்தான் தெரியும், உள்ளே சதை அழுகிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. விரிசல் விட்ட வார்ப்பிரும்பு பிளைவீலை வெல்டு செய்து ஓட்டுவதும், வேகம் கூட்ட கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்குவதும் உயிரோடு விளையாடுவது. தட்டுப்பாடு எவ்வளவு இருந்தாலும் இந்த எல்லைகளைத் தாண்டக் கூடாது.

தட்டுப்பாட்டுக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அறிவார்கள். 1990-களில், போர்க்காலத்தில் இலங்கை அரசு விதித்த பொருளாதாரத் தடையால் பெட்ரோலும் உதிரிபாகமும் அங்கே போகவில்லை. கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் பழைய மோரிஸ் மைனர் கார்களையும் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், கீழே இறங்கி ஆயிலையும் நீர்க்கச் செய்யும், பேரிங் தேயும். தெரிந்தேதான் ஓட்டினார்கள், வேறு வழியில்லை. அங்கே வண்டிகளை ஓடவைத்தவர்கள் மெக்கானிக்குகள்தான்.

புது மெஷின், பழைய சிக்கல்

இன்று முந்திரித் தோப்புக்குள் பவர் வீடரும் புல்வெட்டும் கருவியும் வந்துவிட்டன. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வைத்திருப்பவர்களுக்கும், மாடல் பழசானதும் இதே உதிரிபாகப் பிரச்னைதான். பெயர் தெரியாத கம்பெனி மெஷினை மலிவாக வாங்கினால், கம்பெனியே காணாமல் போகும் அபாயம் உண்டு. வாங்கும்போதே இன்ஜின் எந்த அச்சு என்று கேளுங்கள். ஹோண்டா ‘ஜி.எக்ஸ்.160’ இன்ஜினுக்கு 68 மி.மீ. போர், 45 மி.மீ. ஸ்ட்ரோக். அதே அச்சில் பல கம்பெனிகள் இன்ஜின் செய்கின்றன. அதனால் ஒன்றின் பாகம் பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தும். விலைச்சீட்டைவிட இந்தக் கேள்விதான் விவசாயியைக் காப்பாற்றும்.

பழுதுபார்ப்பது இன்று உரிமைப் பிரச்னையும் ஆகிவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், விவசாயிகள் தங்கள் கருவியைத் தாங்களே பழுதுபார்க்க உதிரிபாகமும் கையேடும் தர வேண்டும் என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கான இணையத் தகவல் தளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகளும் அதில் இடம்பெற்றுள்ளன. தளம் இருந்தால் போதாது. மானியத்தில் விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் பாகங்களின் அளவு விவரத்தைத் தமிழில் கொடுத்தால்தான் மானியம் என்று அரசு விதி செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. இன்ஜினைப் பிரிக்கும்போது எடுக்கும் ஒவ்வோர் அளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: போர், பின், பேரிங் எண், சீல் எண், கேஸ்கெட் தடிமன், எந்த வண்டியின் பாகம் பொருந்தியது என்று எல்லாமே. வயதான மெக்கானிக்குகளின் தலைக்குள் இருக்கும் இந்தக் கணக்கை ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டும். ராஜ்கோட் பட்டறைகள் ஓர் இன்ஜின் வம்சத்தைக் காப்பாற்றின. அதே வேலையை நம் ஊர்ப் பட்டறைகளும் செய்ய முடியும். அதற்கு வேண்டிய அளவு விவரம் மட்டும் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.