வீட்டைக் கட்டி, உள்ளே தீ மூட்டிய ஆர்க்கிடெக்ட்: அனுபமா குண்டூவின் வழி அத்திப்பட்டுக்கு ஒத்துவருமா?

புது வீடு கட்டினால் பால் காய்ச்சுவது நம்ம ஊர் வழக்கம். புதுச்சேரியில் ஆதரவற்ற குழந்தைகளுக்காகக் கட்டப்பட்ட சில வீடுகளில் நடந்தது வேறு. பச்சை மண் கல்லால் சுவர், அதே மண் கல்லால் குவிமாடக் கூரை. கட்டி முடித்ததும் வீட்டுக்குள் இன்னும் சுடாத செங்கல், ஓடு எல்லாவற்றையும் நிரப்பினார்கள். வெளிப்புறம் மண் பூசினார்கள். பிறகு தீ மூட்டி, நாள்கணக்கில் எரியவிட்டார்கள். ஆறிய பிறகு உள்ளே இருந்த கல்லை எடுத்து வெளியே வைத்தால், மிச்சம் இருந்தது சுட்ட செங்கல்லாக மாறிவிட்ட ஒரு முழு வீடு.

வோலோன்தாரியா என்ற தொண்டு அமைப்புக்காக 2008 வாக்கில் இதை வடிவமைத்தவர் அனுபமா குண்டூ. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடம் எடுத்தவர், 2021-ல் சர்வதேசக் கட்டிடக்கலைஞர் ஒன்றியத்தின் ஓகுஸ்த் பெரே பரிசையும், பிரிட்டனின் சார்லஸ் ஜெங்ஸ் விருதையும் வாங்கியவர். ஆனால் அவருடைய கட்டிடங்களில் பெரும்பாலானவை நிற்பது விழுப்புரம் மாவட்டத்தின் செம்மண்ணில். கட்டியவர்கள் அந்தப் பக்கத்து கொத்தனார்கள், குயவர்கள்.

சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கும், அங்கே ஒரு வீடு கட்ட யோசிக்கிறவர்களுக்கும் இவருடைய வேலையில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அப்படியே காப்பி அடிக்க முடியாது. அடிக்கவும் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

தீ வைத்தது எதற்கு?

பார்க்க ஸ்டண்ட் மாதிரி தெரியும். பின்னால் இருப்பது எளிய கணக்கு. சாதாரண சூளையில் எரிக்கிற விறகின் வெப்பத்தில் கணிசமான பகுதி சூளையின் சுவரைச் சுடவே போய்விடும். அந்தச் சுவரே வீடாக இருந்தால்? வீணாகிற வெப்பம் வீட்டைச் சுடும். உள்ளே அடுக்கிய கல்லை விற்றால் எரிபொருள் செலவின் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

இந்த யோசனை குண்டூவுடையது இல்லை. ஈரானில் பிறந்த நாதர் கலீலி இதைச் செய்து பார்த்தார். புதுச்சேரியில் 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அமெரிக்கக் குயவர் ரே மீக்கர், 1980-களில் இருந்து இங்கே பல வீடுகளை இப்படிச் சுட்டார். மீக்கரின் அந்தச் சோதனைகளைத்தான் குண்டூ பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டார். பிறகு மீக்கரின் முறையிலேயே குழந்தைகளுக்கான வீடுகளையும் கட்டினார்.

கூரை குவிமாடமாக இருப்பது அழகுக்காக இல்லை. தட்டையான கூரை தன் எடையில் நடுவில் தொங்கும், அதைத் தாங்க இரும்புக் கம்பி வேண்டும். குவிமாடத்தில் எல்லாக் கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்திக்கொண்டு நிற்கும். கம்பி தேவையில்லை. ஜன்னல்களுக்குப் பழைய சைக்கிள் சக்கரங்களே அச்சு, அவையே பிறகு கிரில். குளியலறைப் பக்கம் காலி கண்ணாடி பாட்டில்களைக் கல் மாதிரி வைத்துக் கட்டினார்கள்.

மும்பையில் படிப்பு, ஆரோவில்லில் கீற்றுக் குடிசை

புனேயில் 1967-ல் பிறந்த குண்டூ, மும்பை சர் ஜே.ஜே. கட்டிடக்கலைக் கல்லூரியில் 1989-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே ஆரோவில் வந்துவிட்டார். தனக்காக அவர் முதலில் கட்டியது கான்கிரீட் வீடு இல்லை. சவுக்குக் கட்டை, கயிறு, தென்னங்கீற்று. அவ்வளவுதான். ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருந்திருக்காது. டிகிரி வாங்கிய ஆர்க்கிடெக்ட் குடிசையில் ஆரம்பித்ததுதான் விசேஷம்.

பேர் வாங்கிக் கொடுத்தது 2000-ல் முடித்த ‘வால் ஹவுஸ்’, அவருடைய சொந்த வீடு. அதில் பயன்படுத்தியது அச்சுக்கல். நம் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், ஒரு அங்குல கனத்தில் ஒல்லியாக இருக்கும் செங்கல். பெரிய சைஸ் கல் வந்த பிறகு அச்சுக்கல்லைக் கேட்பாரில்லை. குண்டூ அதை மறுபடி கேட்டு வாங்கி, சுண்ணாம்புக் கலவையில் கட்டினார்.

கூரையில் இன்னொரு வேலை. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அங்கே இருக்கும் கான்கிரீட் பெரிதாக எதையும் சுமப்பதில்லை. சும்மா இருக்கிற அந்த இடத்தில் மண் பானைகளை வைத்தால் சிமென்ட் குறையும், கூரை எடை குறையும், உள்ளே அடைபடும் காற்றால் வெயில் இறங்குவதும் குறையும். கேரளத்தில் லாரி பேக்கர் பழைய ஓடுகளை வைத்துப் பிரபலப்படுத்திய அதே உத்தி. இங்கே ஓட்டுக்குப் பதில் பானை, அதனால் குயவருக்கு ஆர்டர்.

2012-ல் வெனிஸ் கட்டிடக்கலைக் கண்காட்சியில் இந்த வீட்டை நிஜ அளவிலேயே மறுபடி கட்டிக் காட்டினார்கள். இந்தியக் கைவினைஞர்களும் வெளிநாட்டு மாணவர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

காசு யாருக்குப் போகிறது?

குண்டூவின் வேலையில் ‘பசுமை’ என்ற லேபிளைவிட முக்கியமானது இந்தக் கேள்வி. இன்று ஒரு சாதாரண வீட்டுக்கான பட்ஜெட்டைப் பிரித்துப் பாருங்கள். சிமென்ட், கம்பி, டைல்ஸ், பெயின்ட் என்று பெரும்பகுதி பெரிய கம்பெனிகளுக்குப் போகும். அவர் அதைத் திருப்பிப் போடப் பார்க்கிறார்: பொருளுக்குக் குறைவாக, கைகளுக்கு அதிகமாக. மண் வீட்டில் மண்ணின் விலை சொற்பம். செலவு எல்லாம் கல் அறுக்கிறவர், கட்டுகிறவர், சுடுகிறவர் கூலி. அந்தக் காசு பக்கத்து ஊர்க் கடையிலேயே திரும்பச் செலவாகும். உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதனால் சிமென்ட்டைக் குறைத்தால் இரட்டை லாபம்.

இதற்கு நியாயமான ஒரு எதிர்க்கேள்வி உண்டு. ஆரோவில்லில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பொறுமையான வாடிக்கையாளர் இருக்கிறார். வாடகைக்கு இருக்கிற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இதெல்லாம் எப்படி?

அத்திப்பட்டில் மண்ணா, சாம்பலா?

‘சிட்டிசன்’ படத்தில் மேப்பில் இருந்தே காணாமல் போகும் அத்திப்பட்டி வேறு. இது கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரைத் தாண்டி வருகிற அத்திப்பட்டு. மேப்பில் நன்றாகவே இருக்கிறது, புகைபோக்கியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். 2024-ல் 800 மெகாவாட் மூன்றாம் கட்டமும் தொடங்கிவைக்கப்பட்டது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட்.

‘உள்ளூர்ப் பொருள்’ என்றதும் நாம் உடனே மண், செங்கல் என்று போய்விடுகிறோம். திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை, சூளைகள் ஏராளம். ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும் பகுதியினர் ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்கள். 2011-ல் இந்த மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ஒடிசா தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-ல். ஆக, சிவப்பாக, அழகாக, பூசாமல் விட்ட செங்கல் சுவர் ‘இயற்கைக்கு நெருக்கமானது’ என்று சொல்லும் முன் அந்தக் கல் எந்தச் சூளையில் இருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆர்க்கிடெக்ட்கள் இதை அதிகம் கேட்பதில்லை. குண்டூவின் ‘காசு யாருக்குப் போகிறது’ கேள்வியை நேர்மையாக எடுத்துக்கொண்டால், இங்கே முதல் பதில் செங்கல்லாக இருக்க முடியாது.

அத்திப்பட்டில் மலையாகக் கிடக்கிற பொருள் வேறு: ஃப்ளை ஆஷ். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். நூறு கிலோ எரித்தால் குறைந்தது முப்பது கிலோ மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். மீனவர்களுக்கு அது தொழில் போன கதை.

அதே சாம்பலில் கல் செய்யலாம், அதற்குச் சூளை வேண்டாம். சாம்பலோடு சுண்ணாம்பும் ஜிப்சமும், அல்லது சிமென்ட்டும், கூடவே மணலோ கிரஷர் தூளோ கலந்து, அச்சில் அழுத்தி, சில வாரம் தண்ணீர் தெளித்தால் போதும். சாம்பலில் இருக்கும் சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து மெதுவாக இறுகும். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்க்கும் ‘ஃபேல்-ஜி’ முறையை விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். சிறு முதலீட்டில் பட்டறை போட முடிகிற தொழில்நுட்பம் அது. மத்திய அரசு 1999-லேயே அனல் மின் நிலையங்களைச் சுற்றி சாம்பல் பயன்பாட்டைக் கட்டாயமாக்கி அறிவிக்கை போட்டது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை, 100 சதவீதச் சாம்பலையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்கிறது.

இது குற்றமில்லாத பொருள் என்று சொல்லவில்லை. சாம்பலில் ஆர்சனிக், ஈயம் போன்ற உலோகங்கள் சிறிய அளவில் உண்டு. கல்லுக்குள் இறுகியபின் ஆபத்து குறைவு. ஆனால் அள்ளுகிறவர், கலக்குகிறவர் மூச்சில் தூசி போகும். மாஸ்க் இல்லாத பட்டறையில் செய்த ஃப்ளை ஆஷ் கல்லும் ஒருவகையில் அதே சூளைக் கதைதான். இன்னொன்று, சாம்பலுக்கு உபயோகம் இருக்கிறது என்பது நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்க லைசென்ஸ் ஆகிவிடக் கூடாது.

உப்பு, வெள்ளம், ஷீட்டு கூரை

அத்திப்பட்டில் வடிவமைக்கிறவர் சமாளிக்க வேண்டியது பொருள் மட்டுமில்லை. கழிமுகம் பக்கத்தில், காற்றில் உப்பு. உப்பில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும், தளம் பொரிந்து விழும். வட சென்னையில் பழைய மாடி வீடுகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். கம்பியைக் குறைக்கிற குவிமாடமும், வளைவுக் கூரையும் இங்கே ரசனை விஷயம் மட்டுமில்லை, ஆயுள் விஷயம். ஆனால் உள்ளே தீ வைத்துச் சுடுவது நெருக்கமான தெருவில் நடக்காத காரியம். புகை வரும், மேல் மாடி போடவும் முடியாது.

இடம் தாழ்வு. அதனால் தரைமட்டத்தை உயர்த்துவது முதல் செலவு. ஆனால் மனை முழுக்க மண் கொட்டி உயர்த்தினால், உங்கள் வீட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். வீடு நிற்கிற இடத்தை மட்டும், பழைய திண்ணை வீடு மாதிரி, உயர்த்திவிட்டு மீதியைத் தண்ணீருக்கு விடுவது சுற்றி இருப்பவர்களுக்கும் சேர்த்து யோசிக்கிற டிசைன்.

பிறகு, வெயில். கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் சிமென்ட் ஷீட், தகர ஷீட்தான் கூரை. வடமாநிலத் தொழிலாளர்கள் ஒரு ரூமில் பலர். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கு மே மாதத்தில் அந்த ஷீட்டுக்கு அடியில் தூக்கம் வராது. பானை வைத்த கூரை இவருக்குத்தான் வேண்டும்.

குண்டூவின் இன்னொரு சோதனையான ‘ஃபுல் ஃபில் ஹோம்’ இங்கே பொருந்தும். கம்பி வலையில் மெல்லிசாகச் சிமென்ட் பூசிய பெட்டிகளை கொத்தனார்கள் தங்கள் வீட்டுப் புறக்கடையிலேயே செய்துவிடலாம். பெட்டிகளை அடுக்கினால் சுவர், உள்ளே இருக்கும் காலி இடமே அலமாரி. ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிடுகிற மாதிரி யோசித்த வீடு. பத்துக்குப் பத்து ரூமில் அலமாரி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பேச்சிலர் ரூமில் இருந்தவர்களிடம் கேளுங்கள்.

குடியிருக்கப் போகிறவரைக் கேட்டார்களா?

சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் மீனவர்களுக்கான வீடுகளை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்புக்காக வடிவமைத்தவர் சென்னை ஆர்க்கிடெக்ட் பென்னி குரியாகோஸ். ஒரே அச்சில் வரிசையாக நிறுத்தாமல், குடும்பங்களிடம் பேசி அவர்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிய திட்டம் அது. தட்சிணசித்ராவைக் கட்டியதில் லாரி பேக்கரோடு சேர்ந்து பேசப்படும் பெயரும் இவருடையதே.

தொழிலாளர் விடுதி இப்போது அரசும் கையில் எடுத்திருக்கிற விஷயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. வடக்கே கும்மிடிப்பூண்டி பக்கம் இப்படி ஒன்று வருமானால், ஷிப்ட் தொழிலாளிக்குப் பகலில் இருட்டாக, காற்றோட்டமாக ஒரு ரூம் வேண்டும் என்பதை பிளான் போடும்போதே யாராவது கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு ஃபேன் எண்ணிக்கையைக் கூட்டுவது வேறு வேலை.

நீங்கள் கட்டப் போகிறீர்கள் என்றால்

‘சூளைக் கல்தான் கெட்டி’ என்று மேஸ்திரி சொல்வார். ஃப்ளை ஆஷ் கல்லில் மட்டமானதும் உண்டு, அதனால் அந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. சுண்ணாம்பு சேர்த்த கல்லுக்கு ஐ.எஸ். 12894, சிமென்ட் சேர்த்ததற்கு ஐ.எஸ். 16720 என்று தர அளவுகள் இருக்கின்றன. டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் வைத்து மறுபடி எடை போடுங்கள், சாதாரண வீட்டுக்கான கல்லில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. எத்தனை நாள் தண்ணீர் தெளித்தார்கள் என்று பட்டறையில் நேரில் கேளுங்கள். போகும்போது வேலை செய்கிறவர் முகத்தில் மாஸ்க் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.