கமடோர் 64: பெயர் மட்டும் போதுமா?

1982-ல் 595 டாலருக்கு வந்தது கமடோர் 64. டி.வி-யில் இணைத்தால் கேம், இசை, புரோகிராம் எல்லாம் ஓடும். 1994-ல் நிறுவனம் திவாலானது. பெயர் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

2011-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதே வடிவப் பெட்டிக்குள் இன்டெல் ஆட்டம் போர்டை வைத்து விற்றது. மேலே கமடோர், உள்ளே சாதாரண பி.சி! நிலைக்கவில்லை.

2025-ல் யூடியூபர் கிறிஸ்டியன் சிம்ப்சனின் குழு பிராண்டை வாங்கி, 299 டாலரிலிருந்து ‘கமடோர் 64 அல்டிமேட்’டை அறிவித்தது. இதிலுள்ள எஃப்.பி.ஜி.ஏ சிப், பழைய சிப்களின் சர்க்யூட்டாகவே தன்னை அமைத்துக்கொள்ளும். பழைய கார்ட்ரிட்ஜையும் செருகலாம், புது டி.வி-யிலும் இணைக்கலாம்.

இதுவும் புதுக் கண்டுபிடிப்பல்ல. இந்த போர்டின் முன்னோடியை ஆர்வலர்கள் முன்பே வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் ஏமாற்று இல்லை. அந்தப் பெயருக்குரிய மெஷின்தான் உள்ளே இருக்கிறது. சிக்கல் அடுத்த மாடலில்தான். பழைய நினைவுக்காக ரசிகர்கள் எத்தனை முறை பணம் கொடுப்பார்கள்?