தபால் தலை கற்பிக்கும் வேதியியல்

வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால் பெரியவர்கள் கடிதத்தைப் படிப்பார்கள். சிறுவர்கள் உறைக்காகக் காத்திருப்பார்கள். மூலையில் ஒட்டியிருக்கும் தபால் தலையைக் கிழியாமல் எடுப்பது எப்படி என்பதே அவர்கள் கவலை. கிண்ணத்தில் நீரை ஊற்றி அதில் போட்டுவிட்டால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

பள்ளியில் படித்த நாளில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பர்மாவிலிருந்து என் பாட்டனார் எழுதிய கடிதத்தின் உறை ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடந்தது. அதன் தலையை மட்டும் கத்தரியால் வெட்டி நீரில் ஊறவைத்தேன். தலை பழுதின்றிக் கழன்று வந்தது. எஞ்சிய உறை அடுப்புக்குப் போயிற்று. பல ஆண்டுகள் கழித்து, பாட்டனார் இரங்கூனில் எந்த ஆண்டு வரை இருந்தார் என்று குடும்பத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு விடை சொல்லியிருக்கக்கூடிய அஞ்சல் முத்திரையில் கால் பங்குதான் என் ஆல்பத்தில் இருக்கிறது. தேதி விழுந்திருந்த பகுதி உறையோடு எரிந்துவிட்டது.

தபால் தலை என்பது வெறும் வண்ணப் படம் அன்று. தாள், மை, பசை, துளை, முத்திரை ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அது. இவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்தவர் கையில் தலை பிழைக்கும். அறியாதவர் கையில் அழியும்.

மைக்கும் முத்திரைக்கும் நடந்த போர்

உலகின் முதல் தபால் தலை பிரிட்டனில் 1840 மே மாதம் வெளிவந்தது. ரோலண்ட் ஹில் என்பவரின் அஞ்சல் சீர்திருத்தத்தின் விளைவு அது. விக்டோரியா அரசியின் தலை உருவம் கருநிறத்தில் அச்சிடப்பட்டிருந்தது. விலை ஒரு பென்னி. ஆகவே அதற்குக் 'கறுப்புப் பென்னி' என்று பெயர் வந்தது.

ஒருமுறை பயன்படுத்திய தலையை மீண்டும் ஒட்டாமல் தடுக்க வேண்டும் அல்லவா? அதற்காக அஞ்சலகங்களில் சிவப்பு மையால் முத்திரை இட்டார்கள். ஆனால் ஒரு சிக்கல் தோன்றியது. அந்தச் சிவப்பு மையைத் துடைத்தெடுக்க முடிந்தது. தலையிலிருந்த கறுப்பு மையோ உறுதியாக நின்றது. எனவே முத்திரையை அகற்றிவிட்டு அதே தலையை மறுபடியும் ஒட்டுவது எளிதாயிற்று. முத்திரைக்குக் கறுப்பு மையைக் கையாளலாம் என்றால், கறுப்பின் மேல் கறுப்பு கண்ணுக்குத் தெரியாது.

தீர்வு எளிமையானது. நிறங்களை மாற்றிப் போட்டார்கள். 1841-இல் தலை சிவப்பாயிற்று, முத்திரை கறுப்பாயிற்று. கறுப்புப் பென்னியின் வாழ்வு ஓராண்டுக்குள் முடிந்தது ஒரு வேதியியல் காரணத்தால்தான்.

போர் அத்துடன் ஓயவில்லை. 1880-களில் பிரிட்டனில் வேறொரு தந்திரம் கையாளப்பட்டது. முத்திரையை அழிக்க முடியாதபடி செய்வதற்குப் பதிலாக, தலையின் மையையே எளிதில் கரையக்கூடியதாகச் செய்தார்கள். முத்திரையைக் கழுவ முயன்றால் தலையின் படமும் சேர்ந்து கரைந்துபோகும். அக்காலத் தலைகள் பல இளஊதா, பச்சை ஆகிய இரு நிறங்களிலேயே அமைந்ததற்கு இதுவே காரணம். இத்தகைய கரையும் மைகள் அந்த நிறங்களில்தான் கிடைத்தன.

இதன் விளைவை இன்று அனுபவிப்பவர்கள் சேகரிப்போர். மோசடிக்காரனைப் பிடிக்க வைத்த பொறியில் நாம் சிக்கிக்கொள்கிறோம். நூறாண்டுக்கு மேல் காப்பாற்றப்பட்டு வந்த பச்சைத் தலை ஒன்றை நீரில் இட்டால், அதன் நிறம் சில நிமிடங்களில் வெளிறிவிடும். போன நிறத்தை எவராலும் திருப்பித் தர முடியாது.

துளைகளை எண்ணுங்கள்

முதல் தலைகளுக்கு ஓரத்தில் பற்கள் இல்லை. ஒரு தாளில் 240 தலைகள் இருந்தன. அஞ்சலக எழுத்தர் அவற்றைக் கத்தரியால் வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஹென்றி ஆர்ச்சர் என்பவர் துளையிடும் பொறி ஒன்றை உருவாக்கப் பாடுபட்டார். 1854-இல் பிரிட்டனில் துளையிட்ட தலைகள் வழக்கத்துக்கு வந்தன. வரிசையாகத் துளையிட்ட இடத்தில் தாள் வலிமை இழக்கிறது. இழுக்கும் விசை முழுவதும் துளைகளுக்கு இடையிலுள்ள குறுகிய பாலங்களில் குவிவதால், தாள் அந்தக் கோட்டிலேயே கிழிகிறது.

2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்பதே தலையின் 'துளை அளவு'. பாரிஸைச் சேர்ந்த லெகிராண்ட் என்ற மருத்துவர் 1866-இல் இந்த அளவு முறையை வகுத்தார். உங்களிடம் உள்ள தலை ஒன்றின் ஓரத்தில் அளவுகோலை வைத்து எண்ணிப் பாருங்கள். ஒரே படம், ஒரே விலை கொண்ட இரு தலைகளில் துளை அளவு மட்டும் வேறுபடலாம். அப்படியானால் அவை வெவ்வேறு சமயத்தில் அல்லது வெவ்வேறு பொறியில் துளையிடப்பட்டவை எனலாம். போலித் தலைகளைக் கண்டுபிடிக்கவும் இந்த அளவு துணை செய்கிறது.

தாளுக்குள் ஓர் உருவம்

கறுப்புப் பென்னியின் தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் சிறு மகுடம் ஒன்று தெரியும். இந்தியாவில் 1865 முதல் வந்த தலைகளில் யானைத் தலை தெரியும். இவை மையால் அச்சிட்டவை அல்ல. தாள் ஈரக் கூழாக இருக்கும்போதே கம்பியால் ஆன உருவத்தை அதன்மேல் அழுத்துகிறார்கள். அழுந்திய இடத்தில் நார்கள் குறைந்து தாள் மெலிகிறது. மெலிந்த இடத்தின் வழியே ஒளி மிகுதியாகப் புகுவதால் உருவம் புலப்படுகிறது. இதுவே நீர்க்குறி. தலையின் பின்புறம் மேலே தெரியும்படி ஒரு கறுப்புப் பரப்பின்மீது வைத்துப் பார்த்தாலும் பல தலைகளில் இது தென்படும்.

பசையின் குணம்

பழைய தலைகளின் பசை மாவுப்பொருளிலிருந்தோ கருவேல இன மரங்களின் பிசினிலிருந்தோ செய்யப்பட்டது. இரண்டும் நீரில் கரையும். ஈரக் காற்றில் இளகவும் செய்யும். மழைக்காலத்தில் புதுத் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இதனால்தான். ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன் 1964-இல் நீர் தடவாமலே ஒட்டும் தலைகளை முதன்முதலாக வெளியிட்டது. இன்று பல நாடுகளில் இவ்வகையே பெருகிவிட்டது. இவற்றின் பசை பெரும்பாலும் நீரில் கரைவதில்லை. ஊறவைத்து உரிக்க முயன்றால் தாள் கிழியும். இவற்றைச் சுற்றிலும் சிறிது உறைத்தாள் விட்டு வெட்டி வைத்துக்கொள்வதே நலம்.

காற்றும் ஒளியும்

ஆரஞ்சு நிறத் தலை ஒன்று காலப்போக்கில் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருப்பதைக் கண்டதுண்டா? பழைய மஞ்சள், ஆரஞ்சு மைகள் சிலவற்றில் காரீயச் சேர்மங்கள் இருந்தன. புகையிலும் சாக்கடைக் காற்றிலும் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு அவற்றோடு வினைபுரிந்து, கறுப்பு நிறமுள்ள காரீய சல்பைடாக மாற்றிவிடுகிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் வேறு பல சாயங்களை வெளிறச் செய்கின்றன. ஈரம் மிகுந்தால் பூஞ்சை வளர்ந்து பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன.

நெகிழ்வான பி.வி.சி. உறைகளும் பகைவர்களே. அந்த நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து மையைக் கெடுக்கும். செய்தித்தாளில் பொதிந்து வைப்பதும் தவறு. அத்தாளில் தோன்றும் அமிலம் தலைக்கும் பரவி அதை மஞ்சளாக்கும்.

சேகரிப்போர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பழைய உறையையும் அஞ்சலட்டையையும் வெட்டாதீர்கள். முத்திரையோடும் முகவரியோடும் முழுமையாக வையுங்கள். ஆஸ்திரியாவில் 1869-இல் பிறந்த அஞ்சலட்டை பத்தாண்டுகளில், 1879-இல், இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. 1874-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் செய்த உடன்படிக்கையால் கடிதங்கள் எல்லை கடந்து செல்வது எளிதாயிற்று. இந்த வரலாறெல்லாம் முத்திரைகளிலும் தேதிகளிலும்தான் பதிந்திருக்கிறது.

இரண்டாவதாக, நாட்டை அறிந்துகொள்ளுங்கள். 'ஹெல்வெட்டியா' என்றால் சுவிட்சர்லாந்து. 'மாகியார்' என்றால் ஹங்கேரி. 'சுவோமி' என்றால் பின்லாந்து. பெயரே இல்லாமல் அரசர் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் அது பிரிட்டன். முதலில் தலை வெளியிட்ட நாடு என்பதால் பெயர் எழுதாத வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது.

மூன்றாவதாக, எந்தத் தலையையும் சோதித்த பின்பே நீரில் இடுங்கள். ஈரப் பஞ்சின் நுனியால் ஓரத்தில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால், அகன்ற தட்டில் குளிர்ந்த நீரில் மிதக்க விட்டுப் பசை கரையும்வரை பொறுத்திருங்கள். வண்ண உறைகளில் ஒட்டிய தலைகளைத் தனியே ஊறவையுங்கள். உறையின் சாயம் தலையில் ஏறிவிடக் கூடும். பிறகு இடுக்கியால் எடுத்து மையொற்றுத் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்துங்கள்.

1840-இல் தொடங்கிய பழைய போர் இன்னும் முடிந்தபாடில்லை. பிரிட்டன் 2022-இல் தன் அன்றாடத் தலைகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டைக்குறி சேர்த்தது. ஒருமுறை பயன்பட்ட தலையையும் போலித் தலையையும் பொறி கண்டுகொள்ள அது உதவுகிறது. மையால் தொடங்கிய காவல் இன்று கணிப்பொறியில் வந்து நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பழைய உறை இருக்கலாம். அதை எடுத்துப் பாருங்கள். முத்திரையின் ஊரையும் தேதியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கத்தரியை மட்டும் அதன் அருகே கொண்டு போகாதீர்கள்.