பக்கம் நிற்போரின் பெருமை

கூட்டாக இயற்றப்படும் எத்தொழிலிலும் முன்னிற்பார் ஒருவரும் பக்கம் நிற்பார் சிலருமாக அமைதல் இயல்பு. முன்னிற்பாரையே உலகம் நாயகர் எனக் கொண்டாடும். பக்கம் நிற்பாருள் பேராற்றல் வாய்ந்தார் ஒருவர் உளராயின், அவரையும் நாயகர் எனல் தகுமோ, அன்றி நல்ல துணைவர் என்னும் அளவில் நிறுத்துதலே முறையோ என்பது ஆராயத்தக்க வினாவாகும். இது விளையாட்டரங்கிலும் ஆலய வீதியிலும் ஒருங்கே எழுவது.

கூடைப்பந்தாட்டத்தில் இவ்வினாவுக்கு இலக்கானவர் ஸ்கொட்டி பிப்பன். அமெரிக்காவின் சிக்காகோ புல்ஸ் அணி 1991 முதல் 1993 வரையும், 1996 முதல் 1998 வரையும் ஆறுமுறை வாகை சூடியது. ஆறு முறையும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது மைக்கல் ஜோர்டானையே சார்ந்தது; பிப்பன் அதனை ஒருமுறையேனும் பெற்றிலர். இதுகொண்டு அவர் நாயகரல்லர் என்பாரும் உளர். ஆயின் ஜோர்டான் 1984இல் அணியிற் சேர்ந்த பின்னர், 1987இல் பிப்பன் வருமுன் கழிந்த மூன்று பருவங்களிலும் அவ்வணி வாகைக்கான சுற்றுகளுள் முதலாவதைத் தானும் தாண்டவில்லை. ஜோர்டான் விலகியிருந்த 1993–94 பருவத்திலோ, முந்திய பருவத்தில் 57 ஆட்டங்களை வென்ற அணி, பிப்பன் முன்னின்று நடத்த 55 ஆட்டங்களை வென்றது; எனினும் வாகை சூடவில்லை. ஒருவரின்றி மற்றவர் நிறைவுறாமை இதனாற் புலனாகும்.

வலைப்பந்தாட்டத்தின் விதியே இந்நிலையை இன்னும் தெளிவாக உணர்த்தும். எழுவருள் இருவர் மட்டுமே பந்தினை வளையத்துள் இடலாம்; ஏனைய ஐவர் எத்துணை வல்லுநராயினும் அவர் பெயரில் ஒரு புள்ளியும் ஏறாது. யாழ்ப்பாணத்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் உயரமும் குறிதவறாக் கையும் 2009இலும் 2018இலும் இலங்கை அணி ஆசிய வாகை சூடத் துணைபுரிந்தமை யாவரும் அறிந்தது. அவ்வுயரத்துக்குப் பந்தினைச் சேர்த்த கைகளைப் புள்ளிக் கணக்குக் காட்டுவதில்லை.

தீவகத்து மக்களுக்கு இதனினும் அணுக்கமான சான்று தவிலாகும். நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்து ஆனிப் பெருந்திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறையிற் படகேறிச் செல்லும் அடியார்க்கு மேள ஒலி வழிபாட்டின் கூறேயாம். ஆண்டு நாதஸ்வரம் தலைமை வாத்தியம், தவில் பக்கவாத்தியம். ஆயினும் சுவாமி புறப்பாட்டில் மல்லாரி எழுமுன் அலாரிப்பு முழக்கித் தொடங்குவது தவிலே. கீர்த்தனையில் அது பாட்டின் நடையை அறிந்து அடங்கி ஒலிக்கும். தனி வாசிக்கும் இடம் வருங்கால், கூடணிந்த வலக்கை விரல்களும் கழி பிடித்த இடக்கையும் தாளத்தின் நுட்பமெல்லாம் விரித்துக் காட்டும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றாரின் ஆற்றலால், 'ஸ்பெஷல் தவில்' எனச் சிறப்பித்து அழைக்கும் வழக்கமும் தமிழகத்தில் நிலைபெற்றது.

அந்நெறியில் ஈழம் ஈந்த பெருங்கலைஞர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. 1933இற் பிறந்து 1975இல் மறைந்த இவரை, தமிழகத்து நாதஸ்வர மேதைகளும் தம்மருகே வேண்டி அழைத்தனர். அவர் மறைந்து நாற்பதாண்டு கழிந்த பின்னர், அவரைப் பற்றி அம்ஷன் குமார் ஆக்கிய ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருது பெற்றது. பக்கவாத்தியக்காரர் ஒருவர், முன்னின்று வாசித்தார் பலரினும் நீள நினைக்கப்படுவதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவற்றால் சில அளவைகள் பெறப்படும். தலைவரின் ஆற்றலைத் தாம் இல்லாவழி எட்டாத உயரத்துக்கு ஏற்றுதல் ஒன்று; தனித்து நிற்க நேர்ந்தவிடத்தும் தளராமை மற்றொன்று; தம் திறனைக் காட்டும் வேளையையும் அடக்கும் வேளையையும் பகுத்துணர்தல் பிறிதொன்று. இவற்றுள் ஈற்றிலுள்ளதே அரியது. தனியில் மட்டும் ஒளிர்ந்து கீர்த்தனையைச் சிதைப்பவர் திறமையாளராவரன்றி நாயகராகார். அவ்வாறே, அடங்கி நிற்றல் ஒன்றே உடையாரும் நல்ல துணைவராவரேயன்றி நாயகர் எனப்படார். மூன்றும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் எவ்விடத்து நிற்பினும் நாயகரே.

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாடல் அன்று. புள்ளி எடுத்தாரையே மெச்சும் பாடசாலையில் பந்து கொடுக்கக் கற்பார் அருகுவர். நாதஸ்வரக் கலைஞர் பெயரை மட்டும் பொறிக்கும் திருவிழா அறிவித்தலைக் கண்டு வளரும் சிறுவன் தவிலை எடுக்கத் தயங்குவான். பக்கம் நிற்போரைப் போற்றாத சமுதாயம் நாளடைவில் முன்னிற்போரையும் இழக்கும். அவர்தம் பெயரையும் உடன்பொறித்துப் போற்றுதல் அவர்க்குச் செய்யும் உபசாரம் அன்று; கலையும் ஆட்டமும் நிலைபெறுதற்கு ஆற்றும் கடனாகும்.