மறுபிரதி காத்தல்

நினிவே நகரம் கி.மு. 612-ல் எரியுண்டபொழுது, அசுர்பனிபால் மன்னன் தொகுத்த நூனிலையத்தின் களிமண் பலகைகள் பல அழிந்தில. தீயில் வெந்து முன்னினும் உறுதியாயின. இன்று பிரிட்டிஷ் காட்சிச்சாலையில் அவற்றின் பலகைகளும் துண்டங்களுமாக 30,000-க்கு மேல் உள்ளன. சூளையின் இயல்பறிந்த விருத்தாசலத்தார்க்கு இதில் வியப்பொன்றுமில்லை. எமது வீட்டுக் கணினிக்கோ அத்தகைய நற்பேறு வாய்த்திலது.

எம் தந்தையார் இவ்வூரிற் பீங்கான் தொழிலிற் பல்லாண்டு உழைத்தவர். மண்ணைப் பிசைந்தவாறே அதன் பதம் இன்னதென்று அவர் விளக்கியதை நாம் செல்பேசியிற் பதிவு செய்து, ஹார்டு டிஸ்கில் மூன்று ஃபோல்டர்களில் வைத்திருந்தோம். மூன்று படி உண்டென்று இறுமாந்தும் இருந்தோம். ஒருநாட் காலை அதனுள்ளிருந்து 'டிக், டிக்' என்றோர் ஓசை எழுந்தது. பின்னர் மூன்றும் ஒருசேர மறைந்தன. ஒரே பானையில் மூன்று படி அரிசி இட்டவன், பானை உடைந்தபின் படியை எண்ணி யாது பயன்?

ஹார்டு டிஸ்க் என்பது காந்தப்பூச்சு அமைந்த வட்டுகள் விரைந்து சுழலும் பெட்டி. 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதலாவது, 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகளைக் கொண்டும் சுமார் 50 லட்சம் எழுத்துக்களையே தாங்கிற்று. இக்காலத்தில் வட்டின்மேல் எழுதுமுனை மயிரிழையினும் மிகச் சிறிய இடைவெளியில் மிதக்கின்றது. ஓடும்பொழுது இடறினால் முனை வட்டைக் கீறும். மடிக்கணினி டிஸ்குகள் பலவற்றில் அவ்வட்டு கண்ணாடியே என்பது பீங்கானோடு பழகிய நமக்கு எச்சரிக்கையாதல் வேண்டும். நம்மூர்ப் பீங்கான் பியூஸ் மிகை மின்சாரத்தைத் தடுக்கும். டிஸ்கின் மூப்பைத் தடுக்காது.

ஆதலின், கோப்புகளைச் சீர்செய்யப் புகுவார் முதலிற் செய்யற்பாலது அடுக்குதலன்று, படியெடுத்தலே. உள்ளதனைத்தையும் உள்ளவாறே மற்றொரு டிஸ்கில் இட்டு, பத்துக் கோப்புகளையேனும் திறந்து பார்த்த பின்னரே பழையதிற் கைவைத்தல் தகும். பெயரிடுகையில் ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் எண்களை முன் வைத்தால் கணினி தானே காலவரிசைப்படி நிறுத்திவிடும். 'புதியது', 'மிகப்புதியது', 'கடைசி' என்று பெயரிட்டு நாம் பட்ட பாடு சொல்லுந் தரமன்று.

அதன்மேல், மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேற்றூரில் என்பதே வழங்கிவரும் விதி. 2011 டிசம்பர் 30-ல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கிய தானே புயலை இப்பகுதியார் மறந்திலர். ஒரே அலமாரியில் உள்ள இரு டிஸ்குகளும் ஒரே மழையில் நனையும். படியெடுத்த டிஸ்கைக் கணினியினின்று கழற்றியும் வைத்தல் வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணங்கேட்கும் வைரஸ் வகை, இணைத்திருக்கும் டிஸ்கையும் விடாது. கூகுள் டிரைவ் போன்றவற்றில் தானே இணங்கிவரும் ஃபோல்டர் நல்லதேயாயினும், இங்கே அழித்தது அங்கும் அழியும். சிலநாள் குப்பைக்கூடையிற் கிடந்து பின் ஒழியும்.

இஃது ஒன்றும் புதுவழக்கன்று. பனையோலையைச் செல்லரிக்குமென்று அறிந்த நம் முன்னோர் மீண்டும் மீண்டும் படியெழுதினர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்கு வெவ்வேறிடத்துச் சுவடிகள் பல உதவின. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுதோ, வேறெங்கும் படியில்லாதவை மீளவேயில்லை.

எம் தந்தையாரின் குரல் மீண்டது. நெய்வேலியிலுள்ள எம் தமக்கையாருக்கு எப்பொழுதோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததனை, அவரது பழைய செல்பேசியிற் கண்டெடுத்தோம். இப்பொழுது அது மூன்று இடங்களில் இருக்கின்றது. ஒலி சற்றே கரகரக்கின்றது. எனினும் "இன்னுங் கொஞ்சம் தண்ணி விடு" என்று அவர் சொல்வது தெளிவாகக் கேட்கின்றது.