நெருப்புச் சுவரும் அதன் பசையும்

அமெரிக்காவில் விமானத்தைப் பாகம் பாகமாக வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிப் பறப்போர் பலர் உளர். பொருளறிவியல் பயிலும் எனக்கு அவ்விமானத்தில் பெருவியப்பு அளித்தது இறக்கையன்று, இயந்திரமன்று. குழாயிலிருந்து பிதுக்கும் ஒரு பசை!

இயந்திரத்துக்கும் விமானியின் கால்களுக்கும் நடுவே நிற்பது ஒரு மெல்லிய தகடு. அதற்கு நெருப்புச் சுவர் என்று பெயர். சுமார் 1,100 டிகிரி சென்டிகிரேடு சுவாலையை 15 நிமிடம் தாங்க வேண்டும் என்பது சிறு விமானங்களுக்கு நெடுங்காலமாக உள்ள அளவுகோல். துருப்பிடிக்காத எஃகாயின் 0.38 மில்லிமீட்டர் கனமே போதும். அந்தக் கால் மணிக்குள் விமானி தரையிறங்கியாக வேண்டும்.

ஆனால் தகட்டில் துளைகள் உண்டே! கம்பிகளும் எண்ணெய்க் குழாய்களும் அதனூடேதான் செல்கின்றன. அந்த இடுக்குகளின் வழியே தீ வருவது என்றோ ஒரு நாள். புகைபோக்கியில் கசிவு இருந்தால் மணமற்ற நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடோ எந்நாளும் வரலாம். பசை இரண்டையும் தடுக்க வேண்டும்.

எந்தப் பசை ஏற்றது? பெட்ரோல் தொட்டிக்குப் பூசும் பாலிசல்பைடு பெட்ரோலுக்கு அஞ்சாது, நெருப்புக்கு அஞ்சும். கடையில் கிடைக்கும் சிவப்பு சிலிக்கோன் சுமார் 300 டிகிரி வரை தாங்கும். சுவாலைக்கு அது போதாது. பெட்ரோல் பட்டால் ஊதியும் போகும். காடி நாற்றம் வீசும் வகையாயின், அதிலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமிலம் உலோகத்தை அரிக்கவும் கூடும். கட்டடங்களுக்கான தீத்தடுப்புப் பசைகளில் சில, சூடேறினால் உப்பி இடுக்கை அடைப்பவை. நல்ல குணந்தான், ஆனால் கட்டடச் சுவர் அதிர்வதில்லை, விமானத் தகடோ ஓயாது அதிர்கிறது. ஆகவே விமான நெருப்புச் சுவருக்கென்றே செய்து, சுவாலையில் சோதித்த பசையை வாங்குவதே அறிவுடைமை.

அதுவும் தனியே காவல் நிற்காது. பெருந்துளையைப் பசையால் நிரப்புதல் ஆகாது. எஃகு வளையமும் மூடியும் பொருத்தி, எஞ்சிய மயிரிழை இடைவெளியை மட்டுமே பசைக்கு விடவேண்டும். வளையம் அலுமினியமாயின் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பிறகு பசை எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? பூசுமுன் தகட்டில் எண்ணெய்ப் பசையின்றித் துடைப்பதும் இன்றியமையாதது.

நண்பர்களே, “வெப்பம் தாங்கும்” என்று எந்தப் பொருளின் மீது கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை டிகிரி? எத்தனை நிமிடம்? சூட்டிலா, சுவாலையிலா? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத பசையை நம்பி வானத்தில் ஏறுதல் தகாது.