மின்கிற்றாரின் இரு பிக்கப்புகள்: தேர்வும் இணைப்பும்

'பிக்கப்' என்ற சொல்லைக் கேட்டதும் ஈழத்தவர் பெரும்பாலோர் நினைவிற் சிறிய சரக்கு வண்டியொன்றே தோன்றும். மின்கிற்றார் வாசிப்போரிடத்து அச்சொல் சுட்டும் பொருள் வேறு. கிற்றாரின் கம்பிகளுக்குக் கீழே, மர உடலிற் பதிக்கப்பெற்று, அக்கம்பிகளின் அதிர்வை மின்னலைவாக மாற்றித் தருகின்ற காந்தச் சுருளே ஈண்டுப் பிக்கப் எனப்படுவது. கருவியோடு வந்ததை அகற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தும் வழக்கம் அமெரிக்காவில் 1970களிற் பரவலாயிற்று. லரி டிமார்சியோ என்பார் 1972 அளவில் வெளியிட்ட 'சூப்பர் டிஸ்ரோர்ஷன்' என்னும் பிக்கப்பும், சில ஆண்டுகளின் பின்னர் செமோர் டங்கன் தொடங்கிய தொழிலும் இதற்கு வித்திட்டன எனலாம். இன்று எண்ணிறந்த வகைகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் வலிமை மிக்கதென விளம்பரம் செய்யப்படும் ஒன்றை வாங்கிப் பொருத்திய பின்னர், அது தனியே நன்றாக ஒலித்தும், கருவி முன்பு தந்த இனிய குரல்களுள் ஒன்று காணாமற் போனதை உணர்ந்து வருந்துவோர் பலர். இணையை மறந்து ஒன்றை மட்டும் தேர்ந்ததே அதற்குக் காரணம்.

பிக்கப்பின் தொழிற்பாடு மைக்கேல் பரடே 1831இற் கண்ட மின்காந்தத் தூண்டலின்பாற்பட்டது. காந்தத்துக்கு அருகிலுள்ள உருக்குக் கம்பி தானும் காந்தத் தன்மை பெறுகின்றது. அது அதிரும்போது சுருளினூடு செல்லும் காந்தப் பாயம் மாறுபடும். அம்மாறுபாட்டுக்கேற்பச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். நைலோன் கம்பி பூட்டிய கிற்றாருக்கு இப்பொறி பயன்படாமையும் இதனாலேயே. ஜோர்ஜ் போஷாம் 1930களின் தொடக்கத்தில் இம்முறையைக் கையாண்டு அமைத்த கருவிக்கு, அதன் உருவை நோக்கிப் 'பொரிக்கும் தாச்சி' என்று பொருள்படும் பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

சுருளின் சுற்றுகள் கூடுந்தோறும் பிறக்கும் மின்னழுத்தம் கூடும். ஆயின் அதன் தூண்டுதிறனும் உடன் கூடும். இத்தூண்டுதிறனும், சுருளிலும் இணைப்பு வடத்திலும் உள்ள கொள்ளளவமும் சேர்ந்து ஒரு குறித்த மீடிறனிற் பரிவுறும். அதற்கு மேற்பட்ட மேற்றொனிகள் விரைவில் தேய்ந்து மறையும். இப்பரிவு பொதுவாகச் செக்கனுக்கு 2000 முதல் 5000 அதிர்வுகள் வரையிலான எல்லையில் அமைவது. சுற்றுகளைக் கூட்டினால் பரிவு கீழிறங்கும். ஆகவே அவ்வழியில் வலிமை தேடுவோர் தெளிவிற் சிறிது இழந்தே ஆதல் வேண்டும்.

விற்போர் பட்டியல்களில் முதலிடம் பெறுவது சுருளின் நேரோட்டத் தடை. அதனையே வலிமையின் அளவாகக் கொள்வது பெருவழு. கம்பி மெலியுந்தோறும் தடை ஏறும். அமெரிக்கக் கம்பியளவில் 42ஆம் எண்ணுக்குரிய செப்புக் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 0.063 மில்லிமீற்றர், 44ஆம் எண்ணுக்குரியது 0.05 மில்லிமீற்றர். நீளம் ஒன்றாயிருப்பினும் பின்னையதன் தடை முன்னையதைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேற்படும். வெப்பநிலையும் இதில் தலையிடும். 20 பாகையில் 8000 ஓம் காட்டும் சுருள் 30 பாகையில் 8300 ஓமுக்குச் சிறிது மேலாகக் காட்டும். குளிர்நாட்டில் அளந்தெழுதிய எண்ணை யாழ்ப்பாணத்து நண்பகலில் அளந்ததோடு ஒப்பிட்டு, வாங்கிய பொருள் பழுதென்று முடிவு செய்தல் தகாது. ஒரே கம்பியும் ஒரே காந்தமும் ஒரே அமைப்பும் உடைய இரண்டினை ஒப்பிடுதற்கே தடை எண் உதவும். தூண்டுதிறன் தரப்பட்டிருப்பின் அதுவே மேலான வழிகாட்டி.

இனி, பிக்கப் அமையும் இடம் கருதற்பாலது. வீணையிற் போலவே கிற்றாரிலும் கம்பிகளைத் தாங்கும் குதிரையும், மெட்டுகள் பதித்த கழுத்தும் உண்டு. குதிரைக்கு அண்மையில் ஒன்றும், கழுத்து முடியுமிடத்தில் ஒன்றுமாகப் பிக்கப்புகள் அமைதல் பெருவழக்கு. குதிரையருகே கம்பியின் வீச்சம் சிறிது, கழுத்தருகே பெரிது. ஆதலின் ஒரே தன்மையுள்ள இரண்டைப் பொருத்தினால் குதிரைப் பிக்கப் மெலிந்து கூர்மையாகவும், கழுத்துப் பிக்கப் உரத்துத் தடித்தும் ஒலிக்கும். இக்குறையை நீக்கவே குதிரைக்குரியதிற் சுற்றுகளைக் கூட்டுவர்.

டங்கன் நிறுவனத்தின் 'ஜேபி'யைக் குதிரைக்கும் 'ஜாஸ்' என்பதைக் கழுத்துக்கும் இணைப்பது நெடுநாள் வழக்கு. முன்னையதன் தடை ஏறத்தாழ 16.4 கிலோஓம், பின்னையது 7.7 கிலோஓம். எண்களை மட்டும் நோக்குவோர் இதனைப் பொருந்தா மணமென்றே கருதுவர். ஆயின் ஜேபி மெலிந்த 44ஆம் எண் கம்பியாற் சுற்றப்பட்டமையின், உண்மை வேறுபாடு எண் காட்டுமளவு பெரிதன்று. எஞ்சியதைக் குதிரையருகிலுள்ள சிறிய வீச்சம் ஈடுசெய்யும். இரண்டையும் ஒருங்கே ஒலிப்பிக்கும்போது அவை சமாந்தரமாக இணைதலின், தடங்கல் குறைந்த ஜாஸின் தெளிவு அங்கே மேலோங்கும்.

இவ்வாறு இரண்டும் கூடி ஒலிக்கும் நிலையிலேதான் பிழைகள் வெளிப்படும். ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அதிர்வோடு மின்வழங்கலின் முரலொலியையும் ஏந்திக்கொள்ளும். அதன் அடிப்படை மீடிறன் இலங்கையில் 50, அமெரிக்காவில் 60. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து, அவற்றின் காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால், முரலொலி தன்னைத்தானே அழிக்கும். கம்பியின் ஒலியோ ஒன்றுசேரும். 'ஹம்பக்கர்' எனும் இதற்கு 1955இற் காப்புரிமை கோரப்பட்டு 1959இற் கிடைத்தது. பின்னர் அதன் அடியில் ஒட்டப்பட்ட சீட்டிற் பொறித்திருந்த எண்ணோ, லெஸ் போல் பெற்ற கம்பித்தாங்கியின் காப்புரிமை எண்! போட்டியாளரைத் திசைதிருப்பச் செய்தது என்பாரும் உளர்.

அதே முறையை இரு தனிப் பிக்கப்புகளுக்கிடையிலும் கையாளலாம். சுற்றுத்திசை, காந்தமுனை ஆகிய இரண்டும் மாறியிருப்பின் ஒலி கூடும், முரல் நீங்கும். சுற்றுத்திசை மட்டும் மாறின் முரல் நீங்கும். ஆனால் ஒலியும் எதிர் அவத்தையுற்று மெலிந்துபோகும். காந்தம் மட்டும் மாறின் ஒலி மெலியும், முரலும் நீங்காது. பீற்றர் கிறீன் வாசித்த 1959ஆம் ஆண்டின் லெஸ் போல் கிற்றாரிற் கழுத்துப் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தமையால், நடுநிலையில் மூக்கொலி போன்ற அரியதொரு குரல் பிறந்தது. அதனை விரும்பித் தேடுவோர் இன்றும் உளர். அறியாது வாங்கியவனுக்கு அதுவே ஏமாற்றமாகும். வடங்களை மாற்றிப் பற்றவைத்தால் அவத்தை சரியாகும் என்பது உண்மையே. எனினும் ரெலிகாஸ்ரரின் கழுத்துப் பிக்கப் போன்றவற்றில் உலோக மூடி சுருளின் ஒரு முனையோடு இணைந்திருத்தலின், மூடிக்குத் தனி வடம் கொடாது மாற்றினால் கை பட்டவுடன் இரைச்சல் எழும்.

கட்டுப்பாட்டுத் திருகிகள் பற்றி நீள உரைக்க வேண்டியதில்லை. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோஓமும் ஹம்பக்கருக்கு 500 கிலோஓமும் மரபு. முன்னையதை 500இல் இணைத்தாற் கூர்மை மிகும். பிக்கப்பின் முளைகள் கம்பிகளுக்கு நேர்கீழே அமைகின்றனவா என்று வாங்குமுன் அளந்து பார்த்தலும் வேண்டும்.

பணம் செலவிடுமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இருக்கும் பிக்கப்புகளின் உயரத்தைத் திருகாணியாற் சிறிது மாற்றிப் பார்ப்பதே அது. கழுத்திலுள்ளதைத் தாழ்த்திக் குதிரையிலுள்ளதை உயர்த்திய மாத்திரத்திற் பல குறைகள் நீங்குதல் கண்கூடு. காந்தம் கம்பியை மிக நெருங்கினால் கம்பி இழுபட்டுச் சுருதி பிசகும் என்பதை மட்டும் மறத்தலாகாது. அதன் பின்னும் புதியது வேண்டுமாயின், பற்றவைக்குமுன் ஊசி நகரும் மானியொன்றை மிகச் சிறிய மின்னழுத்த எல்லையில் வைத்துப் பழையதன் வடங்களோடு இணைத்து, முளைகளின்மேல் வைத்த இரும்புத் திருப்புளியைச் சடுதியாக அகற்றி, ஊசி எத்திசையில் துள்ளுகின்றதெனக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். புதியதும் அத்திசையிலே துள்ளினால் இரண்டும் ஓர் அவத்தையின. துள்ளாவிடின் வடங்களை மாற்றியே பற்றவைத்தல் வேண்டும்.